ஸீரோவிலிருந்து பைத்தான்: ரூம் செலவுக் கணக்கை வைத்தே கோடிங் கற்பது எப்படி?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சென்னை துரைப்பாக்கத்தில் நான்கு நண்பர்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு நோட்டு, ஆளுக்கொரு மொபைல். "மச்சி, போன மாசம் கேஸுக்கு நான்தான் குடுத்தேன்", "டேய், வாட்டர் கேன் காசை யாருடா எழுதுனது?" என்று அரை மணி நேரமாகக் கணக்கு ஓடுகிறது.

நால்வரில் ஒருவர் ஐடி ஊழியர். "இது பைத்தான்ல பத்து வரி மச்சி" என்கிறார். பி.காம் முடித்துவிட்டு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் இன்னொருவர் சிரிக்கிறார். "மேத்ஸ் பக்கமே போகாம காமர்ஸ் எடுத்தவன்டா நான். கோடிங்லாம் எனக்கு வருமா?"

அவருக்கு இது சும்மா கேட்கும் கேள்வி அல்ல. மாதக் கடைசியில் ஒவ்வொரு கிளையிலிருந்தும் வரும் எக்செல் ஃபைல்களைக் காப்பி பேஸ்ட் செய்தே அவருக்கு இரண்டு நாள் போய்விடுகிறது. "பைத்தான் தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்று மேனேஜர் இரண்டு முறை சொல்லிவிட்டார். மொபைலைத் திறந்தால், இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கேட்கும் கோர்ஸ் விளம்பரம். அந்தப் பணத்தைக் கட்டலாமா, அதற்கு முன் நமக்கு இது வருமா என்று சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. அதற்கு இந்த ரூம் செலவுக் கணக்கே போதும்.

பைத்தான் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்கு நாம் சொல்லும் வேலைகளை வரிசையாக எழுதுவதுதான் கோடிங். அப்படி எழுதுவதற்கான மொழிகளில் ஒன்று பைத்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம், ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1989 டிசம்பர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதை உருவாக்கத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். லோகோவில் பாம்பு இருந்தாலும் பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல. பிபிசியில் வந்த 'மான்டி பைத்தான்'ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற காமெடி நிகழ்ச்சியின் ரசிகர் அவர். அதிலிருந்து எடுத்த பெயர் இது.

இப்போது பயன்பாட்டில் இருப்பது பைத்தான் 3. அது 2008 டிசம்பரில் வந்தது. பழைய பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே பழைய புத்தகமோ வீடியோவோ பைத்தான் 2-ஐச் சொல்லித் தந்தால், தயங்காமல் அடுத்ததற்குப் போய்விடலாம். பைத்தான் முற்றிலும் இலவசம். லைசென்ஸ் கட்டணம் எதுவும் கிடையாது.

டேட்டா அனலிட்டிக்ஸ், மெஷின் லேர்னிங், இணையதளங்களின் பின்னணி வேலை, ஆஃபீஸ் வேலைகளைத் தானியங்கியாக்குவது என எல்லா இடத்திலும் இது இருக்கிறது. 2023 ஆகஸ்டில் எக்செலுக்குள்ளேயே பைத்தான் எழுதும் வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதாவது, கணக்குப் பிரிவில் இருப்பவரின் மேஜைக்கே இந்த மொழி வந்துவிட்டது.

லேப்டாப் இல்லாமல் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆண்ட்ராய்டு போனில் 'பைட்ராய்டு 3' போன்ற ஆப்கள் உள்ளன. பிரவுசரிலேயே ஓட வேண்டும் என்றால் 'கூகுள் கோலாப்' இருக்கிறது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் இருந்தால் பைத்தானின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து டவுன்லோடு செய்துகொள்ளலாம். விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும்போது, முதல் திரையின் அடியில் இருக்கும் 'பாத்' என்ற டிக் பாக்ஸை மறக்காமல் தேர்வு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு "பைத்தான் ஓடவே மாட்டேங்குது" என்று முதல் நாளே மூடி வைத்தவர்கள் நிறைய பேர்.

ஒரு குறிப்பு: கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பிரிண்ட், ஃபார், இஃப் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்கள் ஒலிப்புக்காகத் தமிழில் தரப்பட்டுள்ளன. டைப் செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். ஆனால் வாடகை, மொத்தம் என நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். கம்பெனிகளில் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே வழக்கம். கற்கும்போது தமிழில் வைத்தால், எது நாம் வைத்த பெயர், எது பைத்தானின் சொல் என்று பார்த்தவுடன் பிரித்தறியலாம்.

முதல் படி: கால்குலேட்டர்

பைத்தானைத் திறந்ததும் >>> என்ற குறி தெரியும். 'சொல்லுங்க' என்று அது காத்திருக்கிறது என்று அர்த்தம். ரூம் செலவுகளை அப்படியே அடிக்கலாம்.

>>> 16000 + 1850 + 6400 + 930 + 620
25800
>>> 25800 / 4
6450.0

வாடகை 16,000, கரண்ட் பில் 1,850, மளிகை 6,400, கேஸ் 930, வாட்டர் கேன் 620. மொத்தம் 25,800. ஆளுக்கு 6,450. இரண்டே வரியில் பாதி வேலை முடிந்தது.

எண்ணுக்கு நடுவில் கமா போடக்கூடாது என்பதைக் கவனிக்கவும். 16,000 என்று அடித்தால் பைத்தான் அதை 16, 0 என்ற இரண்டு தனித்தனி எண்களாக எடுத்துக்கொள்ளும்.

விடையில் இருக்கும் அந்தப் புள்ளி ஸீரோ எதற்கு? பைத்தானில் / குறி போட்டு வகுத்தால், மீதி இல்லாவிட்டாலும் விடை தசம எண்ணாகத்தான் வரும். முழு எண் மட்டும் போதும் என்றால் // குறி, மீதி மட்டும் வேண்டும் என்றால் % குறி. 7 / 2 என்றால் 3.5. 7 // 2 என்றால் 3. 7 % 2 என்றால் 1. சதவீதக் குறி இங்கே சதவீதத்தைக் குறிப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இரண்டாம் படி: எண்ணுக்கு ஒரு பெயர்

அடுத்த மாதம் கரண்ட் பில் மாறும். ஒவ்வொரு முறையும் எல்லா எண்ணையும் திரும்ப அடிக்க முடியாது. அதனால் எண்ணுக்குப் பெயர் வைக்கிறோம்.

வாடகை = 16000
கரண்ட் = 1850
மொத்தம் = வாடகை + கரண்ட்
பிரிண்ட்(மொத்தம்)

இப்படிப்பட்ட பெயர்களுக்கு 'வேரியபிள்' என்று பெயர். தமிழ்ப் பாடநூல்களில் 'மாறி'. புதிதாகக் கற்பவர்கள் முதலில் குழம்பும் இடம் அந்த = குறி. பள்ளிக் கணக்கில் அது 'சமம்'. பைத்தானில் அது 'வலது பக்கம் இருப்பதை எடுத்து, இடது பக்கம் உள்ள பெயரில் வை' என்ற கட்டளை. அதனால்தான்

மொத்தம் = மொத்தம் + 6400

என்ற வரி இங்கே செல்லும். கணக்கு வாத்தியாரிடம் காட்டினால் அடி விழும். பைத்தானிடம் காட்டினால், 'பழைய மொத்தத்தோடு 6,400 சேர்த்து, அதையே புதிய மொத்தமாக வை' என்று புரிந்துகொள்ளும்.

>>> குறி இருக்கும் இடத்தில் பெயரை மட்டும் அடித்தாலே விடை காட்டும். ஆனால் வரிகளை ஒரு ஃபைலில் எழுதி ஓடவிட்டால், பிரிண்ட் என்று சொன்னால்தான் திரையில் எதுவும் வரும். "ஓடுது, ஆனா ஒண்ணும் வரல" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாம் படி: 16 கோடி ரூபாய் வாடகை

இப்போது பயன்படுத்துபவரிடமே தொகையைக் கேட்கலாம். அதற்கு 'இன்புட்' என்ற கட்டளை.

வாடகை = இன்புட்("வாடகை எவ்வளவு? ")
கரண்ட் = இன்புட்("கரண்ட் பில் எவ்வளவு? ")
பிரிண்ட்(வாடகை + கரண்ட்)

16000 என்றும் 1850 என்றும் அடித்தால் 17850 வர வேண்டும். வருவதோ 160001850. அதாவது பதினாறு கோடியே ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். துரைப்பாக்கத்தில்கூட இந்த வாடகை கிடையாது.

என்ன நடந்தது? இன்புட் வழியாக வருவதையெல்லாம் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், எண்ணாக அல்ல. எழுத்துகளுக்கு நடுவில் + போட்டால் கூட்டாது, ஒட்டிவிடும். "கரண்ட்" + "பில்" என்றால் "கரண்ட்பில்" வருவது போல. இதை எண்ணாக மாற்ற 'இன்ட்' என்று சொல்ல வேண்டும்.

வாடகை = இன்ட்(இன்புட்("வாடகை எவ்வளவு? "))

நாம் பார்ப்பதும் கம்ப்யூட்டர் பார்ப்பதும் ஒன்றல்ல என்ற பாடம் இங்கேதான் கிடைக்கிறது. திரையில் 16000 என்று தெரிந்தாலும், அது எண்ணா எழுத்தா என்று கேட்டுப் பழக வேண்டும். எக்செலில் ஒரு செல் 'டெக்ஸ்ட்' ஆக இருந்து கூட்டல் தப்பிய அனுபவம் உள்ள அக்கவுண்ட்ஸ் ஊழியருக்கு இது ஏற்கெனவே தெரிந்த தலைவலிதான்.

நான்காம் படி: பட்டியலும் சுழற்சியும்

ஐந்து செலவுக்கு ஐந்து பெயர் வைக்கலாம். ஐம்பது செலவு இருந்தால்? அதற்குத்தான் 'லிஸ்ட்'. சதுர அடைப்புக்குள் வரிசையாகப் போட்டால் போதும்.

செலவுகள் = [16000, 1850, 6400, 930, 620]

முதல் செலவு வேண்டும் என்றால் செலவுகள்[0] என்று கேட்க வேண்டும். பைத்தான் ஸீரோவிலிருந்து எண்ணும். தரைத்தளத்தை 'ஜி' என்றும் அதற்கு மேல் உள்ளதை 1 என்றும் லிஃப்ட் எண்ணுவது போல. ஐந்து செலவு இருக்கும் பட்டியலில் கடைசிச் செலவு செலவுகள்[4]. செலவுகள்[5] என்று கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்று எர்ரர் வரும்.

இப்போது பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

மொத்தம் = 0
ஃபார் தொகை இன் செலவுகள்:
    மொத்தம் = மொத்தம் + தொகை
பிரிண்ட்(மொத்தம்)

'செலவுகள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தொகையாக எடு, மொத்தத்தோடு சேர்' என்பதுதான் இது. இதற்கு 'லூப்' என்று பெயர். மூன்றாவது வரி சற்று உள்ளே தள்ளி இருப்பதைக் கவனிக்கவும். அழகுக்காக அல்ல. எந்த வரி லூப்புக்குள் இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்பதை இந்த இடைவெளியை வைத்துத்தான் பைத்தான் முடிவு செய்கிறது. நான்கு ஸ்பேஸ் விடுவது வழக்கம். கடைசி வரியையும் உள்ளே தள்ளிவிட்டால், ஒவ்வொரு முறை கூட்டும்போதும் மொத்தம் திரையில் வரும். ஒரே விடைக்குப் பதில் ஐந்து வரும்.

இங்கே ஒரு பயிற்சி. ஓடவிடுவதற்கு முன் ஒரு பேப்பரில், லூப் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் மொத்தம் என்னவாக இருக்கும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். தொடக்கம் 0. பிறகு 16000, 17850, 24250, 25180, 25800. அதன் பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்கலாம். கையால் இப்படி ஓட்டிப் பார்க்க வந்துவிட்டால், பாதிப் பயம் போய்விடும்.

ஐந்தாம் படி: யாருக்கு யார் தரணும்?

சண்டை வரும் இடம் இது. ஒருவர் ஏற்கெனவே 8,000 ரூபாய் செலவு செய்துவிட்டார். அவர் பங்கு 6,450 மட்டுமே.

பங்கு = 6450
கொடுத்தது = 8000
இஃப் கொடுத்தது > பங்கு:
    பிரிண்ட்("திரும்ப வர வேண்டியது", கொடுத்தது - பங்கு)
எலிஃப் கொடுத்தது == பங்கு:
    பிரிண்ட்("கணக்கு நேர்")
எல்ஸ்:
    பிரிண்ட்("இன்னும் தர வேண்டியது", பங்கு - கொடுத்தது)

திரையில் 'திரும்ப வர வேண்டியது 1550' என்று வரும். இஃப் என்றால் 'இப்படி இருந்தால்', எலிஃப் என்றால் 'அதில்லாமல் இப்படி இருந்தால்', எல்ஸ் என்றால் 'எதுவும் இல்லாவிட்டால்'. நடு வரியில் == என்று இரண்டு குறி இருப்பது அச்சுப்பிழை அல்ல. ஒற்றை = என்றால் 'வை', இரட்டை == என்றால் 'சமமா?' என்ற கேள்வி.

ஆறாம் படி: ஒருமுறை எழுதினால் போதும்

மாதாமாதம் இதே கணக்கு. எனவே வரிகளைக் கட்டி ஒரு பெயர் வைத்துவிடலாம். இதுதான் 'ஃபங்ஷன்'.

டெஃப் பங்கு_கணக்கு(செலவுகள், ஆட்கள்):
    ரிட்டர்ன் சம்(செலவுகள்) / ஆட்கள்

'சம்' என்பது பட்டியலைக் கூட்டித் தரும், பைத்தானிலேயே உள்ள கட்டளை. அப்படியென்றால் நான்காம் படியில் லூப் எழுதியது வீணா என்று கேட்கலாம். இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்குத்தான், குறுக்கு வழியை நம்பிப் பயன்படுத்த முடியும்.

பங்கு_கணக்கு(செலவுகள், 4) என்று கேட்டால் 6450.0. ஊரிலிருந்து வேலை தேடி வந்த தம்பி ஒருவரும் ரூமில் சேர்ந்துவிட்டால், 4-ஐ 5 ஆக்கினால் போதும். ஆளுக்கு 5160.0. எல்லோரும் ரூமைக் காலி செய்துவிட்டார்கள் என்று 0 கொடுத்தால், 'ஸீரோ டிவிஷன் எர்ரர்' வந்து நிற்கும்.

சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்படலாமா?

பைத்தானை விட்டு ஓடுபவர்களில் பலர் ஓடுவது எர்ரரைப் பார்த்துத்தான். ஆனால் அது திட்டு அல்ல, தகவல். படிக்கும் முறை ஒன்றுதான்: கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டும். என்ன தவறு என்பது அங்கே இருக்கும். எந்த வரியில் தவறு என்பது அதற்கு மேலே இருக்கும்.

'நேம் எர்ரர்' என்றால், அந்தப் பெயரில் எதுவும் இல்லை. வாடகையை 'வாடாகை' என்று அடித்திருக்கலாம். 'டைப் எர்ரர்' என்றால், எண்ணையும் எழுத்தையும் கலந்திருக்கலாம். 'இன்டென்டேஷன் எர்ரர்' என்றால், உள்தள்ளும் இடைவெளி சரியில்லை. 'சின்டாக்ஸ் எர்ரர்' என்றால், வரியின் அமைப்பிலேயே குறை. அடைப்பு மூடவில்லை, அல்லது இஃப், ஃபார் வரிகளின் முடிவில் வரவேண்டிய : புள்ளியை விட்டிருக்கலாம்.

மொபைலில் கற்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வாட்ஸ்அப்பிலோ பிடிஎஃபிலோ வந்த கோடை அப்படியே காப்பி செய்தால், மேற்கோள் குறிகள் வளைந்த வடிவத்தில் வரக்கூடும். பைத்தானுக்கு நேரான மேற்கோள் குறி மட்டுமே தெரியும். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், முதலில் அந்தக் குறிகளை அழித்துவிட்டுத் திரும்ப அடித்துப் பார்க்கலாம்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

எழுத்துகளை எண்ண 'லென்' என்ற கட்டளை உண்டு. லென்("தமிழ்") என்று கேட்டால் பைத்தான் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே? யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து தனித்தனிக் குறிகளாகத் தமிழ் சேமிக்கப்படுகிறது. பைத்தான் எண்ணுவது அந்தக் குறிகளை. தமிழில் பெயர், முகவரி கேட்கும் ஆப் உருவாக்குபவர் இதை அறியாமல் '20 எழுத்துக்கு மேல் கூடாது' என்று வைத்தால், உண்மையில் 12, 13 எழுத்துள்ள பெயரே தடுக்கப்பட்டுவிடலாம். இதைச் சரிசெய்யவே 'ஓப்பன் தமிழ்' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே பிரித்துத் தரும்.

இன்னொரு வேடிக்கை: இன்ட்("௧௨") என்று தமிழ் எண்ணைக் கொடுத்தாலும் பைத்தான் 12 என்று சரியாகப் படித்துவிடும். முழுவதும் தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத வேண்டும் என்றால், முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழி இருக்கிறது. அதுவும் பைத்தானில் எழுதப்பட்டதுதான்.

ஏஐ எழுதித் தரும்போது ஏன் படிக்கணும்?

நியாயமான கேள்வி. இந்த ரூம் கணக்கை ஏஐ சில நொடிகளில் எழுதித் தந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கு சரியா என்று சொல்ல வேண்டியவர் யார்?

ஓர் எடுத்துக்காட்டு. பைசாவை ரூபாயாக முழுமையாக்க 'ரவுண்ட்' என்ற கட்டளை உண்டு. ரவுண்ட்(3.5) என்றால் 4. ரவுண்ட்(2.5) என்றால்? 3 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எக்செலின் ரவுண்ட் ஃபார்முலாவும் 3 என்றே சொல்லும். பைத்தான் 3 சொல்லும் விடை 2. சரிபாதியில் நிற்கும் எண்ணை, பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் விதி. எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கினால் மொத்தம் கூடிக்கொண்டே போகும் என்பதால் வைத்த விதி இது. அதேபோல 0.1 + 0.2 என்று கேட்டால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். கம்ப்யூட்டர் தசமங்களை இரண்டின் அடிப்படையில் சேமிப்பதால் வரும் வித்தியாசம் இது. அதனால்தான் பணக் கணக்குக்கு 'டெசிமல்' என்ற தனி வசதியைப் பயன்படுத்துகிறார்கள்.

ஏஐ தந்த கோடை அப்படியே ஓட்டி, ஆயிரம் இன்வாய்ஸுக்கு மொத்தம் போட்டு, எக்செலோடு சில ரூபாய் இடித்தால் என்ன செய்வது? 'ரவுண்ட் எங்கே இருக்கிறது' என்று தேடத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். தெரியாதவர் ஆடிட்டரிடம் பதில் சொல்ல முடியாமல் நிற்பார். கையெழுத்து ஏஐயுடையது அல்ல, அவருடையது.

அதனால் தொடக்கத்தில் ஏஐயை எழுதச் சொல்வதைவிட, விளக்கச் சொல்வது நல்லது. 'இந்த எர்ரருக்கு என்ன அர்த்தம்?', 'இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்கலாம். பதிலை நம்புவதற்கு முன் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

காசு கட்டித்தான் படிக்கணுமா?

அடிப்படைக்குத் தேவையில்லை. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. தமிழ் வழிப் புத்தகமும் உண்டு, இணையத்தில் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். கணியம் அறக்கட்டளை, மென்பொருள் தொடர்பான தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. அடிப்படை தெரிந்த பிறகு, என்பிடிஇஎல் தளத்தில் சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வகுப்புகளைப் பார்க்கலாம். வகுப்பு இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

பிறகும் கோர்ஸில் சேர விரும்பினால், பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் போதும். டெமோ வகுப்பு உண்டா? மாணவர்களே கோடு எழுதுகிறார்களா, அல்லது வீடியோ பார்ப்பது மட்டும்தானா? 'வேலை உறுதி' என்பதை எழுத்தில் தருவார்களா, அதன் நிபந்தனைகள் என்ன? மாதத் தவணை என்கிறார்களே, அது கோர்ஸ் நடத்துபவருக்கா, அல்லது உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடனா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம். படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் கடன் நிற்காது.

எவ்வளவு நாள் ஆகும்?

தினமும் அரை மணி நேரம், கையால் அடித்துப் பழகினால், மேலே சொன்ன ஆறு படிகளை நான்கு வாரத்தில் நிதானமாக முடிக்கலாம். முதல் வாரம் எண்கள், பெயர்கள், இன்புட். இரண்டாம் வாரம் இஃப். மூன்றாம் வாரம் லிஸ்ட், லூப். நான்காம் வாரம் ஃபங்ஷன், கூடவே சொந்தமாக ஒரு சின்ன புரோகிராம். அது ரூம் செலவாக இருக்கலாம், சீட்டுக் கணக்காக இருக்கலாம், பைக்கின் பெட்ரோல் மைலேஜாக இருக்கலாம். தனக்குத் தேவையான ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடியோ பார்த்துக்கொண்டே போவதுதான் பெரிய பொறி. பார்க்கும்போது எல்லாம் புரியும். மூடிவிட்டு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. சைக்கிள் ஓட்டுவதை யாரும் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டதில்லை.

இந்த நான்கு வாரத்தால் வேலை கிடைத்துவிடுமா என்றால், கிடைக்காது. ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு அவரவருக்கே பதில் தெரிந்துவிடும். பிடித்திருந்தால், அடுத்தது 'பாண்டாஸ்' என்ற தொகுப்பு. எக்செல் ஃபைல்களைத் திறந்து, சேர்த்து, கூட்டித் தருவதில் கெட்டிக்காரத் தொகுப்பு அது. நம் அக்கவுண்ட்ஸ் நண்பருக்கு மாதக் கடைசியில் இரண்டு நாளைத் தின்னும் வேலை இருக்கிறதே, அதற்கு லூப்பும் லிஸ்டும் தெரிந்தவர் பாண்டாஸைத் தொட்டால் போதும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. நோட்டு மூடியே கிடக்கிறது. பி.காம் நண்பர் மொபைலில் அடிக்கிறார். சிவப்பு எழுத்து வருகிறது. "என்ன மச்சி, ஊத்திக்கிச்சா?" என்று கிண்டல். "இருடா" என்று கடைசி வரியைப் படிக்கிறார். ஃபார் வரியின் முடிவில் : போடவில்லை. போட்டுவிட்டு மறுபடி ஓடவிடுகிறார். 6450.0.

"சரிடா, ஆளுக்கு 6,450. வாட்டர் கேன் காசு யாரு குடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்க, அதையும் சேர்த்துடறேன்."